தேக்குக் கப்பலுக்கு தேக்குப் பட்டை வேண்டாம் தம்பி

கேள்வி: அண்ணா, எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலிங்கிற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலை 1:64 அளவுல மரத்துல செஞ்சிட்டு இருக்கேன். நிஜக் கப்பலே தேக்குல கட்டினதுன்னு படிச்சேன், அதனால ஒரு பழைய தேக்குக் கதவை வாங்கி 4 மில்லி அகலம், 1.5 மில்லி தடிமன்ல பட்டையா அறுத்து வாங்கிட்டேன். நடுவுல நல்லா உக்காருது. முன்பக்கம் வளையுற இடத்துல பாதிப் பட்டை பட்டுனு ஒடியுது, ஒடியாதது ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது. ராத்திரி முழுக்க தண்ணில ஊறப்போட்டும் பாத்துட்டேன். எங்க தப்பு பண்றேன்?

பதில்: தம்பி, நீங்க எடுத்திருக்கிற கப்பல் மேல எனக்கு ரொம்பப் பிரியம். நம்ம திருகோணமலை பேரைத் தாங்கி நிக்குது, ஆனா கட்டினது பம்பாய் டாக்யார்டுல. ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாங்கிற பார்சி மாஸ்டர் கட்டி 1817 அக்டோபர் 12ல தண்ணில இறக்கினாங்க. நெப்போலியன் சண்டைக்கு கப்பல் மேல கப்பலா கட்டி இங்கிலாந்துல ஓக் மரம் தட்டுப்பாடு ஆயிருச்சு, அதான் மலபார் தேக்கைத் தேடி வந்தாங்க. வரைபடம்கூட ஒரு தடவை தொலைஞ்சு போச்சு, அதை ஏத்திட்டு வந்த ஜாவாங்கிற கப்பலை 1812 டிசம்பர்ல அமெரிக்காவோட கான்ஸ்டிட்யூஷன்ங்கிற போர்க்கப்பல் அடிச்சுப் பிடிச்சிருச்சு, அப்புறம் இன்னொரு நகல் அனுப்பித்தான் வேலையே நடந்துச்சு. இன்னைக்கும் இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ல மிதந்துட்டு இருக்கு. 200 வருஷம் தாண்டி மிதக்குதுன்னா அதுல தேக்குக்குப் பெரிய பங்கு உண்டு, அந்த எண்ணெய்ப் பசை பூச்சியையும் அழுகலையும் கிட்ட விடாது, ஓக் மரம் மாதிரி இரும்பு ஆணியையும் அரிக்காது.

உங்க மேஜை மேல தொல்லை பண்றதும் அதே எண்ணெய்தான். பசை சரியா பிடிக்காது, ஒட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பட்டையையும் அசிட்டோன் போட்டுத் துடைக்கணும். தேக்குல மணல் சத்து வேற இருக்கு, பிளேடு சீக்கிரம் மொக்கை ஆயிரும். எல்லாத்தையும் விடப் பெரிய சிக்கல் அதோட ரேகை. ஒடிஞ்ச துண்டு ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல பக்கவாட்டுல பாருங்க, கோடு பட்டையோட நீளத்துக்கே ஓடாம சாய்வா போய் ஓரத்துல வெளியேறும், சரியா அந்த இடத்துலதான் ஒடிஞ்சிருக்கும். கதவுப் பலகையை ரேகை பாக்காம அறுத்தா இப்படித்தான் வரும். அதோட தேக்குல கண்ணுக்குத் தெரியுற மாதிரி துளை இருக்கும், ஒரு துளை கால் மில்லின்னு வச்சுக்கங்க, 64 மடங்கு பெருசாக்கினா 16 மில்லி, அதாவது நிஜக் கப்பல்ல விரல் நுழையுற ஓட்டை. நிஜத்துல இருந்த அதே மரத்தைப் போட்டா நிஜம் மாதிரி இருக்கும்னு தோணும், ஆனா ரேகை சின்னதாகாதே தம்பி, கப்பல் மட்டும்தானே சின்னதாகுது.

அதனால ரேகை தெரியாத, நெருக்கமான மரமா போங்க. வெளிநாட்டுல பேரிக்காய் மரம், பாக்ஸ்வுட்டுன்னு சொல்லுவாங்க, இங்க அதுக்கு அலைய வேண்டியதில்ல. வெட்பாலை இருக்கு, சென்னபட்டணா பொம்மை கடையுறாங்களே அந்த மரம், தந்தம் மாதிரி வெளுப்பா வழவழன்னு இருக்கும். மஞ்சக்கடம்பும் நல்லா அறுபடும். இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க, கப்பலோட வெளிப்பக்கம் கறுப்புப் பெயின்ட், பீரங்கி ஜன்னல் வரிசைக்கு ஒரு வெளிர்ப் பட்டை, தண்ணிக்குக் கீழ பூரா செம்புத் தகடு. நீங்க கஷ்டப்பட்டு ஒட்டுற தேக்கு எங்க தெரியப் போகுது? கதவுத் தேக்கை எடுத்து வச்சு கப்பல் நிக்கிற பீடம் செய்யுங்க, அங்க அது அழகா இருக்கும்.

மரத்தை மாத்தினா ஒடியறது நிறையக் குறையும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறுறது நிக்காது, அதுக்குக் காரணமே வேற, உங்க கேள்வியில நான் முக்கியமா நினைக்கிறது இதைத்தான். எல்லாரும் பலகையை எப்படி வளைக்கிறதுன்னுதான் கேக்குறாங்க, வளைக்கிறதுக்கு முன்னாடி அதோட அகலத்தைக் குறைக்கணும்.

கப்பலோட வயித்தை நடுவுல நூல் வச்சு அளந்து பாருங்க, பீரங்கி ஜன்னலுக்குக் கீழ ஓடுற தடிச்ச பட்டையிலிருந்து அடியில ஏரா வரைக்கும், அதாவது கப்பலோட முதுகெலும்பு மாதிரி அடியில நீளமா ஓடுற கட்டை வரைக்கும். உதாரணத்துக்கு 120 மில்லின்னு வைங்க, 4 மில்லி பட்டை 30 வரிசை போடலாம். இப்ப அதே நூலை முன்னாடி, அணியத்துல வச்சு அளங்க, 75 மில்லிதான் இருக்கும். 30 வரிசையும் அந்த 75க்குள்ள அடங்கணும், அப்ப ஒவ்வொரு பட்டையும் அங்க 2.5 மில்லிதான் இருக்க முடியும். நீங்க 4 மில்லியை அப்படியே கொண்டு போனா மிச்சம் எங்க போகும், பக்கத்துப் பட்டை மேலதான் ஏறும். வரைபடத்துல இருக்கிற ஒவ்வொரு வங்குலயும், அதாவது பட்டையைத் தாங்குற குறுக்குச் சட்டத்துலயும், இப்படி அளந்து 30ஆ பங்கு போட்டு பென்சில்ல கோடு போட்டுடுங்க, ஒரு சாயங்காலம் பூரா ஆகும், பரவால்ல, பொறுமையா பண்ணுங்க. நடுவுலருந்து முன்னாடி போகப் போக பட்டையை அந்தக் கோட்டுக்கு ஏத்த மாதிரி இழைச்சு இழைச்சு சன்னமாக்கணும். பாதிக்கும் கீழ, அதாவது 2 மில்லிக்குக் கீழ மட்டும் போகாதீங்க, நுனி கூரா ஆயிட்டா அங்க ஆணியும் நிக்காது பசையும் நிக்காது, அப்படி வர்ற இடத்துல ரெண்டு வரிசையை ஒண்ணாக்கி முடிச்சிருங்க. பின்னாடி அமரத்துல சில இடத்துல இதுக்கு நேரெதிரா இடம் அதிகமா விரியும், அங்க ஆப்பு மாதிரி குட்டைப் பட்டை சொருகிக்கலாம். நிஜ டாக்யார்டுலயும் இதே வேலைதான் நடந்துச்சு.

அடுத்து வங்கு ஓரம். அணியத்துல இருக்கிற வங்கு எல்லாம் அறுத்தபடி நேர் ஓரமா இருந்தா பட்டை அதோட ஒரு முனையில மட்டும் தொட்டுட்டு நிக்கும், அந்த முனையிலதான் மடங்கி ஒடியும். ஓரம் பூரா பென்சிலால கருப்பாக்குங்க, ஒரு அடி ஸ்கேல் மாதிரி கட்டையில 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி மூணு வங்கை ஒரே நேரத்துல தொடுற மாதிரி தேயுங்க, கருப்பு முழுசா போனா சாய்வு சரியா வந்திருச்சுன்னு அர்த்தம். அப்புறம் ஒரு மெல்லிசான பட்டையை சும்மா மேல படுக்க வச்சுப் பாருங்க, கையை எடுத்ததும் தானா எல்லா வங்கையும் தொட்டுட்டுப் படுக்கணும். அழுத்தினாத்தான் படுக்குதுன்னா இன்னும் தேய்க்கணும். முதல் ரெண்டு மூணு வங்குக்கு நடுவுல பால்சா கட்டையை அடைச்சு உருண்டையாத் தேய்ச்சிட்டா இன்னும் நல்லது, பட்டை ஒட்டிக்க இடம் கிடைக்கும்.

ஊற வைக்கிறது பத்தி. மரத்தை வளைய விடுறது முக்கியமா சூடுதான், தண்ணி அதுக்குத் துணை. மரத்துல நாரை இறுக்கிப் பிடிச்சிருக்கிற லிக்னின் சூட்டுல இளகும், ஆறினதும் புது வடிவத்துலயே இறுகிடும். பெரிய கப்பலுக்கு பலகையை நீராவிப் பெட்டில போடுவாங்க, ஒரு அங்குல தடிமனுக்கு ஒரு மணி நேரம்னு ஒரு கணக்கு. உங்க 1.5 மில்லிக்கு கால் மணி நேரம் சுடுதண்ணி போதும். ராத்திரி பூரா ஊறினா பட்டை அகலத்துல உப்பும், உப்பினதை ஒட்டிட்டா காஞ்சதும் சுருங்கி வரிசைக்கு நடுவுல இடைவெளி விழும். சுடுதண்ணிலருந்து எடுத்து இஸ்திரிப் பெட்டில வச்சு மெதுவா வளைச்சு, கப்பல் மேலயே கிளிப் போட்டு காய விடுங்க, நல்லா காஞ்சப்புறம்தான் பசை. பட்டையைப் படுக்க வச்சு பக்கவாட்டுல வில்லு மாதிரி வளைக்கவும் செய்யலாம், ரெண்டு முனையையும் பலகையில கிளிப் போட்டுட்டு மேல இஸ்திரி வைங்க. அணியத்துக்கு இது ரொம்ப உபயோகம்.

ஒட்டுறப்போ மேல தடிச்ச பட்டைக்குக் கீழ ரெண்டு வரிசை, அப்புறம் ஏராவை ஒட்டி ஒரு வரிசை, இப்படி ரெண்டு பக்கமிருந்தும் நடுவுக்கு வாங்க. ஏராவை ஒட்டின முதல் வரிசையை முன்னாடி கூராக்காதீங்க, மேல ஏற விடவும் கூடாது, ஏரா நிமிர ஆரம்பிக்கிற இடத்துல அதை முடிச்சிருங்க. அது மேல ஏறிட்டா அதுக்கப்புறம் வர்ற எல்லா வரிசையும் கோணும். இடது ஒண்ணு போட்டா வலது ஒண்ணு போடுங்க. என்னோட ரெண்டாவது கப்பல்ல ஒரு பக்கத்தை பூரா முடிச்சிட்டு மறுபக்கம் போனேன், ஏரா 2 மில்லி முறுக்கிக்கிச்சு, அதை நிமித்தவே முடியல.

பசைக்கு ஃபெவிகால் போதும், நகத்தி சரி பண்ண நேரம் கொடுக்கும். ஃபெவிக்விக் ஒரு சொட்டு முனையில பிடிமானத்துக்கு மட்டும்.

இப்ப ஒட்டி வச்சிருக்கிறதுல நடுப்பகுதி நல்லா இருந்தா தொடாதீங்க, அது மேல ரெண்டாவது அடுக்கு மெல்லிசா வெட்பாலை போட்டுக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி தேக்கை நல்லா தேய்ச்சு அசிட்டோன்ல துடைச்சிருங்க. அணியத்துல ஏறி நிக்கிற பட்டையை மட்டும் கழட்டணும். ஃபெவிகால் போட்டதுன்னா ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை பிரஷ்ல தொட்டு மூட்டுல விட்டு பத்து நிமிஷம் பொறுங்க, பசை வெளுத்து ரப்பர் மாதிரி ஆகும், மெல்லிசு கத்தியை உள்ள விட்டா வந்துரும். ஃபெவிக்விக்னா அசிட்டோன், ஜன்னலைத் திறந்து வச்சுக்கங்க, பக்கத்துல விளக்கு எதுவும் எரியக் கூடாது. கழட்டினதும் வங்கு ஓரத்துல ஒட்டியிருக்கிற பசையை சுத்தமா சுரண்டிட்டு, பென்சிலை எடுத்துக் கருப்பாக்குறதுலருந்து திரும்ப ஆரம்பிங்க.