ஏற்காட்டில் டென்ட் போடலாமா? எங்கே, எப்போது, எப்படி?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். இரண்டு குடும்பம், பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் மூன்று பேர் (வயது 7, 11, 14). வழக்கம்போல ரூம் போட்டுச் சுற்றிப் பார்க்காமல், இந்த முறை சேர்வராயன் மலைக் காட்டுக்குள் டென்ட் அடித்து இரண்டு ராத்திரி தங்க ஆசை. ஒரு நாள் மலையேற்றம், ஒரு நாள் ஏரியில் படகு என்று திட்டம். காற்றடித்து ஓட்டும் படகு ஒன்றை ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறோம். வீடியோக்களில் பலர் ஓடைக்கரையில் டென்ட் போட்டு, விறகு மூட்டிச் சமைக்கிறார்கள். நாங்களும் அப்படிச் செய்யலாமா? பொங்கல் லீவா, மே மாதமா? என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: வீடியோவில் காட்டுவதைச் செய்யக் கூடாது. காட்டில் பகலில் நடக்கலாம், அதுவும் அனுமதியோடு. ராத்திரி தங்குவது பட்டா நிலத்தில், அதாவது காப்பி எஸ்டேட்டிலோ ஹோம்ஸ்டே வளாகத்திலோதான். இந்த ஒரு மாற்றத்தைச் செய்துகொண்டால் உங்கள் திட்டத்தில் பெரும்பகுதி அப்படியே நிற்கும்.

சேர்வராயன் மலையின் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன்படி அனுமதி இல்லாமல் அதற்குள் நுழைவதே குற்றம். தங்குவதும் தீ மூட்டுவதும்கூடக் குற்றம்தான். ஓடைக்கரையில் டென்ட் போட்டவர் வீடியோவில் காட்டாத பாதி, பிறகு அவர் கட்டிய அபராதமாக இருக்கலாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை அரசு கொண்டுவந்தது. ஆகவே வனத்துறையினர் கெடுபிடியாக இருந்தால் கோபப்படாதீர்கள், காரணம் இருக்கிறது.

2024 அக்டோபரில் வனத்துறை ‘தமிழ்நாடு மலையேற்றத் திட்டம்’ தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைனில் முன்பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. சேலம் மாவட்டப் பாதைகளும் அதில் உண்டு. கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மேலே குண்டூருக்கு ஏறும் பாதை உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில்தான் தொடங்குகிறது. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். பதிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தரத்தைத்தான். 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எளிய பாதை மட்டும்தான், அதுவும் பெற்றோர் கூட வர வேண்டும். 18 வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் தேவை. எனவே உங்கள் ஏழு வயதுப் பிள்ளையை வைத்துத்தான் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதினாலு வயதுக்காரருக்குக் கடினமான பாதைதான் வேண்டுமென்றால், குழுவை இரண்டாகப் பிரியுங்கள். அவரோடு ஒரு பெரியவர் போகட்டும், மற்றவர்கள் அன்று வேறு எங்காவது போகட்டும். சின்னவரைத் தோளில் தூக்கிச் சமாளிக்கலாம் என்று நினைப்பது ஏறும்போது சரியாகத்தான் தெரியும், இறங்கும்போதுதான் முட்டி பேசும்.

அடுத்தது பொங்கலா, மே மாதமா என்பது. நான் ஜனவரி என்றுதான் சொல்வேன், ஆனால் பொங்கல் லீவு வேண்டாம். காணும் பொங்கல் அன்று ஏரிக்கரையில் நிற்கவே இடம் இருக்காது. பொங்கல் கழிந்து ஒரு வாரம் விட்டு வரும் சனி, ஞாயிறு போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், புல் முழுதாகக் காய்ந்திருக்காது. பிப்ரவரி பாதிக்குமேல் தீ அபாயக் காலம் தொடங்கிவிடும். 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றப் பாதைகளை மூடினார்கள். மே மாதத்தில் கோடை விழா, மலர்க் கண்காட்சி, சேர்வராயன் கோயில் திருவிழா என்று கூட்டம். மாலையானால் கோடை இடிமழை வேறு. டென்டில் படுக்கிற முதல் ராத்திரியே இடி மின்னல் என்றால், பிள்ளைகள் அடுத்த முறை வரவே மாட்டார்கள்.

ஜனவரியில் ஒரே சிக்கல் குளிர். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் சேலத்தைவிட எட்டு டிகிரி குறைவு. விடியற்காலையில் 12, 13 டிகிரிக்கு இறங்கும். ஏற்காட்டுக்கு அடிக்கடி போய் வந்தவர்கள்கூட, ரூமுக்குள் ரெண்டு போர்வையில் தூங்கிய அனுபவத்தை வைத்து இதைக் குறைவாக எடைபோடுகிறார்கள். டென்டில் குளிர் மேலிருந்து வருவதைவிட மண்ணிலிருந்துதான் அதிகம் ஏறும். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் கீழே விரிப்பு சரியில்லை என்றால் தூக்கம் வராது. வீட்டில் இருக்கும் பவானி ஜமக்காளத்தை நேராகத் தரையில் விரித்தால் ஈரத்தை எல்லாம் குடித்துவிடும். கீழே ஃபோம் மேட் அல்லது கோரைப்பாய், அதன்மேல் ஜமக்காளம், அதன்மேல் தூங்கும் பை என்று அடுக்குங்கள்.

இனி தங்கும் இடம். ஏற்காட்டைச் சுற்றி டென்ட் போட இடம் தருகிற எஸ்டேட்டுகள் நிறைய இருக்கின்றன. போனில் பேசும்போது இது பட்டா நிலமா, முகாம் நடத்தச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறீர்களா, ராத்திரி காவலுக்கு ஆள் உண்டா, கழிப்பறை டென்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று நேராகக் கேளுங்கள். கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு ஏழு வயதுப் பிள்ளை எழுப்பும்போது அதுதான் பெரிய கேள்வி.

டென்ட் அடிக்கும் முன் தரையைப் பார்ப்பதற்கு முன்னால் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். இங்கே காப்பிச் செடிக்கு நிழல் தருவது பெரும்பாலும் சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். பார்க்க நெடுநெடுவென்று அழகான மரம், ஆனால் கிளை சட்டென்று முறியும். காற்றடித்த மறுநாள் எஸ்டேட்டுக்குள் நடந்தால் கை பருமனில் கிளைகள் கிடக்கும். பலா மரத்தடியும் கூடாது. பழக் காலத்தில் மேலிருந்து விழும் என்பது ஒன்று. விழுந்த பழத்தைத் தேடிக் காட்டெருமை வரும் என்பது இன்னொன்று. ஏற்காட்டில் யானை பயம் கிடையாது, ஆனால் காட்டெருமை எஸ்டேட்டுக்குள் சாதாரணமாக வந்துபோகும். டார்ச்சை முகத்தில் அடிப்பது, செல்ஃபிக்குக் கிட்டே போவது, கத்தி விரட்டுவது மூன்றும் வேண்டாம். அது மேய்ந்துவிட்டுத் தானாகப் போகும். விலகி நின்று வழி விட்டால் போதும்.

சரிவில் டென்ட் போட்டால் தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும். மழைநீர் ஓடிய தடம் தெரிகிற இடத்தில் போடாதீர்கள். இந்தச் செம்மண் காய்ந்தால் டென்ட் கயிற்றைக் கட்டும் முளை இறங்காத அளவுக்கு இறுகும், நனைந்தால் முளை நிற்காது, அதனால் டென்டோடு வரும் மெல்லிய கம்பிகளை நம்பாமல் நீளமான முளை சிலவும் சுத்தியல் ஒன்றும் கொண்டுபோங்கள். டென்டுக்குக் கீழே விரிக்கும் தார்ப்பாயைப் பெரும்பாலோர் தப்பாக விரிக்கிறார்கள். சுற்றிலும் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் விழும் பனியும் மழையும் வழிந்து நேராகப் படுக்கைக்கு அடியில் போய்த் தேங்கும். தார்ப்பாயின் ஓரத்தை உள்ளே மடித்து, டென்டின் தரையைவிட நாலு விரல் சிறியதாக வையுங்கள். காலையில் டென்டின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் ஒழுகல் என்று பயப்பட வேண்டாம், அது உங்கள் மூச்சின் ஈரம். மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் குறையும்.

நாலு பேர் டென்ட் என்று விற்பதில் பெரியவர்கள் மூன்று பேர்தான் வசதியாகப் படுக்கலாம். உங்கள் ஏழு பேரில் மூன்று பேர் பிள்ளைகள் என்பதால் நாலு பேர் டென்ட் இரண்டும், பைகளுக்கு ஒரு சின்ன டென்டும் சரியாக இருக்கும். முதல் தடவைக்கு வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள் அல்லது எஸ்டேட்டில் கொடுப்பதைப் பயன்படுத்துங்கள். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தால் அப்புறம் வாங்கலாம். காசு செலவழிக்க வேண்டியது ஷூவில். முதல் நாளே புது ஷூவோடு கிளம்பாமல் பத்து நாள் மாடிப்படி ஏறி இறங்கிப் பழக்குங்கள். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று வேண்டும்.

சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்பு போதும். எஸ்டேட்காரர் அவர் நிலத்தில் கேம்ப்ஃபயர் போட்டுத் தந்தால் சரி, அதுவும் காய்ந்த சருகு இல்லாத வெட்டவெளியில். குளிருக்கு இதமாக இருக்கும் என்று கரி அடுப்பை டென்டுக்குள் கொண்டுவருவது மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 2024-இல் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பின் புகை சூழ்ந்த அறையில் தூங்கிய இரண்டு இளைஞர்கள் இப்படித்தான் இறந்தார்கள். சாப்பாட்டையும் டென்டுக்குள் வைக்காதீர்கள். குரங்கு ஜிப்பைத் திறக்காது, கிழித்துவிடும். பொருள்களைக் காரில் வைத்துப் பூட்டுங்கள்.

பாம்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் மனதில் வைத்திருப்பது அதுதான். டென்ட் ஜிப் எப்போதும் மூடியிருக்கட்டும், வெளியே கழற்றிய ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் ஒரு அடிகூட வேண்டாம். மலைக்காட்டில் மூங்கில் குழிவிரியன் போன்ற பச்சைப் பாம்புகள் செடியிலும் கிளையிலும் அசையாமல் கிடக்கும், பிடிமானத்துக்குக் கிளையைப் பிடிக்கும் முன் பார்க்க வேண்டும். நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்குத்தான் தயாராவது. குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. ஆனாலும் கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கையோ காலோ அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். எந்தப் பாம்பு என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். பாறை விளிம்புகளில் மலைத்தேன் கூடு தெரிந்தால் சென்ட், புகை, கல்லெறி எதுவும் கூடாது.

படகு விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம்தான். ஏற்காடு ஏரியில் படகு விடுவது சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம். மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு எல்லாம் உண்டு. சொந்தப் படகை இறக்கலாம் என்ற எண்ணத்தில் அதைச் சுமந்துகொண்டு மலை ஏறாதீர்கள். காற்றடித்த படகை முள்ளும் பாறையும் உள்ள ஓடையில் இறக்குவதும் வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுப் பிள்ளையின் இரண்டு தோள்பட்டியையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிய சைஸ், மாற்றித் தரச் சொல்லுங்கள். தண்ணீரில் விழுந்தால் இதேதான் நடக்கும், ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். காலையில் படகு இல்லம் திறந்ததும் போய்விடுங்கள், வரிசையும் குறைவு, காற்றும் குறைவு.

கிளியூர் அருவி இந்த ஏரி நிரம்பி வழியும் தண்ணீரில்தான் ஓடுகிறது. ஜனவரியில் கொஞ்சம் மெலிந்திருக்கலாம். மழையில் வழுக்கும் என்று சில சமயம் மூடிவிடுவார்கள், கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே முதலில் இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். எனவே குடிதண்ணீரில் பாதிக்குமேல் ஏறுவதற்கு வைத்திருங்கள். பொதுவாக மலையில் நேரக் கணக்கு இப்படி: சமதளத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவருக்கும் 600 மீட்டர் உயரம் ஏறினால் கூடுதலாக ஒரு மணி நேரம் பிடிக்கும். பிள்ளைகளோடு என்றால் அதை ஒன்றரை மடங்காக்குங்கள். மதியம் மூன்று மணிக்குள் திரும்பும் பாதையில் இருக்க வேண்டும். மலைச்சரிவில் பள்ளத்துக்குள் இருட்டு நகரத்தைவிட முன்னதாக விழும், மூடுபனி வந்தால் அதற்கும் முன்னால். சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது, ஆகவே எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டிலும் எஸ்டேட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

இறங்கும்போது அடிவாரப் பாதையா, குப்பனூர் பாதையா என்பதை அன்றைய போக்குவரத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கூட்ட நாட்களில் ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு இன்னொன்று என்று போலீஸ் மாற்றிவிடுவது உண்டு. அடிவாரப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இரண்டாம் கியரில் வண்டி உறுமினால் உறுமட்டும். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பாதி வழியில் கருகல் வாசனை வரும். வந்தால் உடனே ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.