மனநல மாத்திரையால் உடம்பு கெட்டால் சட்டப்படி என்ன செய்யலாம்?

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை கொடுத்த மனநல மாத்திரையால் உங்கள் அண்ணனின் உடம்பு கெட்டுவிட்டது, டாக்டர் மீது கேஸ் போட முடியுமா, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்கிறேன். கோபத்தில் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்புவது ஒருபக்கம். பதற்றத்துக்குக் கொடுக்கிற குளோனசிபாம், அல்பிரசோலாம் போன்ற மாத்திரைகளை வெகுநாள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். வேறொரு மனநல மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி குறையுங்கள். தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சலோடு உடம்பு விறைப்பது என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கோபிப் பக்கம் இருக்கும் என் சித்தப்பா இருதுருவ மனநோய்க்கு (பைபோலார்) பல வருடமாக லித்தியம் சாப்பிடுகிறவர். மஞ்சள் வேகவைக்கிற சீசன், கொப்பரை பக்கத்திலேயே நிற்கிற வேலை, வேர்வை ஆறாக ஓடும். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை உதறியது, நாக்குக் குழறியது, நடை தள்ளாடியது. "ஏண்டா, வெடியாலயே குடிச்சுப்போட்டு வந்திருக்கறயா?" என்று அத்தை சத்தம் போட்டது. ஈரோட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் லித்தியம் நச்சளவைத் தொட்டிருப்பது தெரிந்தது. ரத்தத்தில் அது லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவலன்ட் (mEq/L) வரை இருக்கலாம், 1.5-ஐத் தாண்டினாலே ஆபத்து. உடம்பில் நீர் வற்றினாலும் ஏறும், அந்த வலி மாத்திரையாலும் ஏறும். காட்டு வேலைக்குப் போகிற மனிதரிடம் இந்த இரண்டையும் சொல்லாமல் சீட்டு எழுதியதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. சீட்டுகளை எடுத்துப் பார்த்தால் மாதாமாதம் "கன்டினியூ" என்பது மட்டும்தான். லித்தியம் அளவு, தைராய்டு, சிறுநீரகம் எதுவும் பார்த்ததாக ஒரு வரி இல்லை. எங்கள் புகார் நிற்பதே அந்தச் சீட்டுகளின் மேல்தான்.

உங்கள் கேஸும் அப்படித்தான். பக்கவிளைவு வந்துவிட்டது என்பதற்காக மட்டும் டாக்டர் தப்புச் செய்தார் என்று யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஒலன்சாபினில் எடையும் சர்க்கரையும் ஏறலாம், ஹாலோபெரிடாலில் வாயும் நாக்கும் தானாக அசையத் தொடங்கலாம், இதெல்லாம் மருத்துவம் அறிந்ததுதான். முன்கூட்டிச் சொன்னாரா, செய்ய வேண்டிய பரிசோதனையைச் செய்தாரா, நீங்கள் போய்ச் சொன்னபோது என்ன செய்தார், இவைதான் கேள்வி.

பணம் கட்டிப் பார்த்த சிகிச்சை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்துவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆஸ்பத்திரி கோவையில் இருக்கிறது என்பதற்காக அங்கே அலைய வேண்டியதில்லை. சிகிச்சைக்குக் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, ஆனால் மருத்துவ வழக்குக்கு வைத்துக்கொள்வது நல்லது. வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவசச் சட்ட உதவி எண்ணான 15100-க்குக் கூப்பிடுங்கள். எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி என்றால் இந்த வழி கிடையாது, உயர் நீதிமன்றமோ சிவில் வழக்கோதான்.

போலீஸுக்கு முதலில் ஓடாதீர்கள். மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு நிற்கும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் மருந்து கம்பெனிகள் கோடி கோடியாகக் கட்டிய செய்தியைக் காட்டி ஆசை காட்டுகிறவர்களையும் நம்பாதீர்கள், இங்கே நடைமுறை வேறு.

மருந்தின் பாதிப்பை, இந்திய மருந்துப் பாதிப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதிவுசெய்யுங்கள். இழப்பீடு வராது, ஆனால் அடுத்தவருக்கு எச்சரிக்கை போக அதுதான் வழி.

முக்கியமானது கோப்பு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 25-ஆம் பிரிவு, தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்குக் கொடுக்கிறது. கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளும் சொல்கின்றன. கடிதத்தில் அண்ணன் கையெழுத்துப் போடட்டும். முடியாத நிலை என்றால் அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பாகப் பேச உரிமை உள்ளவர், போடலாம். ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம்தான் கெடு, அது பாதிப்பு நடந்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கடிதத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.