ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்கிறார்களா?

தக்கலை ஆடிட்டர் ஆபீஸில் இருந்து: டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு (யுஎஸ்பியில் செருகுவது) டிரைவர் ஏற்ற, விண்டோஸோடு வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரை ஆஃப் பண்ணச் சொல்கிறார்கள். பண்ணலாமா?

முதலில் ஆஃப் பண்ணாமலே ஏற்றிப் பாருங்கள். தடுத்தால் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யைத் திறந்து, எந்த ஃபைலைப் பிடித்தது என்று பாருங்கள். அந்த ஃபைல் டோக்கன் கம்பெனியின் தளத்தில் இறக்கியதா, வாட்ஸ்அப்பில் வந்ததா? வாட்ஸ்அப் சரக்கு என்றால் யோசிக்காமல் அழித்துவிட்டு, தளத்தில் இருந்தே இறக்குங்கள்.

ஃபைலை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பக்கம் இருக்கும். அந்தப் பக்கமே இல்லையென்றாலும், அங்கே கம்பெனி பெயர் இல்லையென்றாலும் நான் ஏற்றமாட்டேன். 650 எம்பிக்குள் இருந்தால், பல ஆன்ட்டிவைரஸ் ஸ்கேனர்களால் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒன்றிரண்டு ஸ்கேனர் மட்டும் கத்தினால் பொய் எச்சரிக்கையாக இருக்கலாம். இருபது கத்தினால் விட்டுவிடுங்கள். வாடிக்கையாளர்களின் ஃபைல்களை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள், பிறர் கைக்குப் போகும்.

எல்லாம் சரி, இன்னும் தடுக்கிறதா? 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்', 'மேனேஜ் செட்டிங்ஸ்' போய் ரியல்-டைம் புரொடெக்‌ஷனை மட்டும் ஆஃப் செய்யுங்கள். நெட் தேவைப்படாத இன்ஸ்டாலர் என்றால் வைஃபையையும் துண்டியுங்கள். ஏறியதும் ஆன். பிறகும் டிரைவர் ஃபைலையே பிடித்தால், சோதிக்காமல் விட வேண்டியவற்றின் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலில் அந்த ஒரு ஃபைலை மட்டும் சேருங்கள். சி டிரைவையே சேர்த்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களை நாகர்கோவிலில் பார்த்திருக்கிறேன். அதற்கு ஆன்ட்டிவைரஸே வேண்டாமே!

மார்த்தாண்டம் ஸ்டுடியோவில் இருந்து: ஆல்பம் டிசைன் சாஃப்ட்வேரின் கிராக்கை (காசு கட்டாமல் ஓடவைக்கும் திருட்டு ஃபைல்) ஆன்ட்டிவைரஸ் விடமாட்டேன் என்கிறது.

விடாதது நல்லது. 'ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணு' என்று கிராக்கோடு வரும் ரீட்மீ குறிப்பு சொல்வது, திருட வந்தவனே நாயைக் கட்டிப்போடச் சொல்வது மாதிரி. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் போகலாம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்றால் கல்யாணப் படங்கள் அத்தனையும் பூட்டிக்கொள்ளும்.

குளச்சலில் இருந்து: 'விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி' என்று நீலப் பெட்டி வருகிறது.

அது ஸ்மார்ட்ஸ்கிரீன், அறிமுகமில்லாத ஃபைலைத் திறக்கும்போது எச்சரிக்கும் விண்டோஸ் வசதி. வைரஸ் கண்டுபிடித்தேன் என்று அது சொல்லவில்லை, இந்த ஃபைலை அதிகம் பார்த்ததில்லை என்கிறது. வந்த இடம் உறுதியானால் 'மோர் இன்ஃபோ', 'ரன் எனிவே'. இதற்காக டிஃபெண்டரைத் தொடவே வேண்டாம்.

தோவாளையில் இருந்து: காலையில் ஆஃப் செய்தது தானாகவே ஆன் ஆகிவிட்டது. கோளாறா?

இல்லை, டிஃபெண்டர் அப்படித்தான்; கொஞ்ச நேரத்தில் தானே எழுந்துவிடும். வேறு கம்பெனி ஆன்ட்டிவைரஸ் சில, எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்கும். பத்து நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். 'ரீஸ்டார்ட் வரை' என்றாலும் பெரிய மோசமில்லை, இரண்டு பருவமழையும் பெய்யும் நம்மூரில் கரண்ட் போய் அதுவே ரீஸ்டார்ட் ஆகிவிடும். 'நிரந்தரமாக' என்பதை மட்டும் தொடாதீர்கள்.