சென்னையில் பகிர்வு வீடு: ஊரிலிருந்தே தேடுவோர் கேட்பவை

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன் நான். எனக்கும் நண்பர்கள் இருவருக்கும் சென்னை துரைப்பாக்கத்தில் ஒரே நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கைக்கு வரும் சம்பளம் 22,000 ரூபாய். மூவரும் சேர்ந்து வீடு எடுக்கலாம் என்று இணையத்தில் தேடியபோது, அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு படுக்கையறை வீடு 9,000 ரூபாய்க்கு இருப்பதாக விளம்பரம் கண்டோம். உரிமையாளர் இராணுவத்தில் இருப்பதாகவும், வடமாநிலத்துக்கு மாற்றலாகிவிட்டதாகவும், 5,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பினால் வீட்டை எங்களுக்கே வைத்திருப்பதாகவும் சொல்கிறார். தரகர் காட்டும் வீடுகளோ 18,000 ரூபாய். ஐந்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். உணவுடன் மூவர் தங்கும் விடுதி அறைக்கு ஒருவருக்கு 7,500 என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
– வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: அந்த 5,000 ரூபாயை அனுப்ப வேண்டாம், தம்பி. நீங்கள் எழுதியிருப்பவை அனைத்தும் நாடு முழுவதும் பலரை ஏமாற்றிய ஒரே மோசடியின் அடையாளங்கள். அக்கம்பக்கத்து வாடகையில் பாதிக்கு வீடு தருவார்கள். உரிமையாளர் நேரில் வர முடியாத உத்தியோகத்தில் இருப்பார். நம்பிக்கைக்காக இராணுவ அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவார்கள். அது வேறொருவரிடமிருந்து திருடப்பட்ட படமாகவே பெரும்பாலும் இருக்கும். அடுத்து, வீட்டைப் பார்க்க ‘கேட் பாஸ்’ கட்டணம் என்பார்கள். அதற்கும் அடுத்து, பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள் என்பார்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. எண்ணைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். ஏற்கெனவே ஏதேனும் அனுப்பியிருந்தால், இன்றே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

விளம்பரப் படங்களை நிதானமாகப் பார்த்தாலே பல உண்மைகள் வெளிப்படும். சென்னையின் வாடகை வீடுகளில் சன்னலுக்குக் கம்பி இருக்கும், கொசுவலை அடித்திருக்கும், சமையலறையில் கடப்பா அல்லது கிரானைட் மேடை இருக்கும். கம்பியே இல்லாத அகலக் கண்ணாடிச் சன்னலும் மரத்தரையும் தெரிந்தால், அது பெரும்பாலும் வேறெங்கோ உள்ள வீட்டின் படமாக இருக்கும். ஒரு படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே அறை வேறு ஊர் விளம்பரத்திலும் இருப்பது பல சமயம் தெரிந்துவிடும்.

இனி, உண்மையான தெரிவுகள் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18,000 ரூபாய் வீட்டை மூவர் பகிர்ந்தால் ஆளுக்கு 6,000 என்பது விடுதியைவிட மலிவாகத் தோன்றும். ஆனால், ஐந்து மாத அட்வான்ஸ் 90,000. அதில் உங்கள் பங்கு 30,000. தரகருக்கு வழக்கமாக ஒரு மாத வாடகை. அதில் உங்கள் பங்கு 6,000. முதல் மாத வாடகையையும் சேர்த்தால், முதல் சம்பளத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் 42,000 ரூபாய் புரட்ட வேண்டும். பாய், தலையணை, பாத்திரம், அடுப்பு, குடிநீர் கேன் எல்லாம் அதற்கு மேல். பராமரிப்புக் கட்டணம், மோட்டார் கரண்ட், பழைய மகாபலிபுரம் சாலைப் பகுதியின் பல குடியிருப்புகளில் லாரித் தண்ணீருக்கான பங்கு ஆகியவற்றை விளம்பரத்தில் சொல்லவே மாட்டார்கள். இந்தத் தொகைக்காக ஊரில் வட்டிக்குக் கடன் வாங்கினால், பகிர்வு வீட்டில் மிச்சமாகும் என்று நினைத்த பணம் வட்டிக்கே போய்விடும்.

ஆகவே என் உறுதியான ஆலோசனை இது: ஊரில் இருந்தபடியே வீட்டை முடிவு செய்யாதீர்கள், முதல் மாதத்துக்கு ஒரு படுக்கையை மட்டும் முடிவு செய்யுங்கள். அட்வான்ஸ் ஒரு மாதத்துக்கு மேற்படாத, பாதியில் கிளம்பினாலும் பெரிய இழப்பு நேராத ஓர் ஆண்கள் விடுதியைத் தேர்ந்து, பொதிகை விரைவு ரயிலில் ஏறிக் காலையில் தாம்பரத்தில் இறங்குங்கள். அந்த ஒரு மாதத்தின் ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் தெருத்தெருவாக நடந்து பார்த்து வீட்டைப் பிடியுங்கள். நகரத்தில் மலிவான பல வீடுகள் இணையத்துக்கே வருவதில்லை. கேட்டில் தொங்கும் ‘டூ-லெட்’ அட்டையிலும், தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியின் வாய்வார்த்தையிலுமே அவை கைமாறுகின்றன. அந்த அண்ணாச்சிகளில் பலர் உங்கள் பக்கத்துக்காரர்கள். எந்த வீடு காலியாகிறது, எந்த வீட்டுக்காரர் பேச்சிலர்களுக்குத் தருவார், யார் அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பவர் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தயங்காமல் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

தேடும் வட்டத்தையும் சற்று அகலமாக்குங்கள். அலுவலகத்தை ஒட்டியே இருக்க வேண்டும் என்ற எண்ணமே வாடகையை ஏற்றுகிறது. துரைப்பாக்கத்தையும் பல்லாவரத்தையும் இணைக்கும் 200 அடி ரேடியல் சாலை இருப்பதால் கீழ்க்கட்டளை, பல்லாவரம் பக்கமும் பார்க்கலாம். மேடவாக்கம், பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் பக்கமும் பார்க்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிய பகுதிகள் பெருமழைக்குத் தாழ்வானவை; 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்குப் பல தெருக்கள் மூழ்கின. மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவது செய்திகளில் ஆண்டுதோறும் வருகிறது. தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால், சுவரின் அடியில் புதிதாக அடித்த சுண்ணாம்புக்குக் கீழே ஈரக்கோடு தெரிகிறதா, மின் மீட்டர் எவ்வளவு உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது, தெருவைவிட வாசற்படி தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2023-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டுத் திருப்தி அடைய வேண்டாம்.

நேரில் போக முடியாதபோது தெரிந்தவர் ஒருவரை அனுப்பிப் பாருங்கள். அதுவும் இயலாவிட்டால் காணொளி அழைப்பில் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு செய்த காணொளியை ஏற்க வேண்டாம். அழைப்பிலேயே தெருவிலிருந்து தொடங்கி வாசல், படிக்கட்டு வழியாக உள்ளே வரச் சொல்லுங்கள். குளியலறைக் குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சொத்துவரி ரசீது, மின்கட்டண ரசீது ஆகியவற்றின் நகலையும் கேளுங்கள். மின் இணைப்பு பழைய உரிமையாளர் அல்லது கட்டுநர் பெயரிலேயே இருப்பதும் உண்டு. ஆகவே பெயர் மாறியிருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை, விளக்கம் கேட்டால் போதும். விளக்கம் சொல்ல மறுப்பவரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்குச் சென்னை கிண்டியில் வேலை கிடைத்துள்ளது. வேளச்சேரியில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் தோழியுடன் அறை பகிர்ந்துகொள்கிறேன் என்கிறாள். நாங்கள் சென்னையை அதிகம் பார்த்ததில்லை. பாதுகாப்பையும் செலவையும் எப்படி உறுதிசெய்துகொள்வது?
– ஒரு தாய், புதுக்கோட்டை

பதில்: சகோதரி, தனியார் விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், அரசின் ‘தோழி’ விடுதிகளில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு பணிபுரியும் மகளிர் விடுதிகள் நிறுவனம் நடத்தும் இவ்விடுதிகள் அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரி உள்ளிட்ட இடங்களில் உள்ளன, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிண்டி என்பதால் தாம்பரமும் கூடுவாஞ்சேரியும் தொலைவு என்று ஒதுக்க வேண்டியதில்லை. கடற்கரை–செங்கல்பட்டு புறநகர் ரயில் பாதையில்தான் இம்மூன்றும் இருக்கின்றன; மாதாந்திரச் சீசன் டிக்கெட் எடுத்தால் போக்குவரத்துச் செலவு மிகக் குறைவு. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை.

தனியார் விடுதிதான் என்று முடிவானால், அந்த விடுதி உரிமம் பெற்றதா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகளை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றே மகளிர் விடுதி நடத்த வேண்டும். உரிம நகலைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பெற்ற பெண்ணை அனுப்பும் தாய் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, சொல்லும் தொகையில் எதெல்லாம் அடங்கும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். ஏசிக்குத் தனி மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு, மகள் விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் உணவுப் பணம் கழிப்பார்களா, கிளம்புவதற்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அட்வான்ஸிலிருந்து ‘பராமரிப்பு’ என்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பனவற்றில்தான் தகராறுகள் வருகின்றன. ஜிஎஸ்டி என்று கூடுதலாகக் கேட்டால், 2024 ஜூலை முதல், மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில் தொடர்ந்து 90 நாள்களாவது தங்குவோருக்கான விடுதி வசதிக்கு வரிவிலக்கு உண்டு என்பதை எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் மகளுடன் நீங்களும் ஒருமுறை போய், இரவு உணவு நேரத்தில் அங்கே இருந்து பாருங்கள். தங்கியிருக்கும் பெண்கள் சாப்பிட உட்காரும்போது அவர்களிடம் பேசினால், விடுதிக்காரர் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும்.

கேள்வி: நண்பர்கள் நால்வர் சென்னையில் வீடு எடுத்திருக்கிறோம். ஒப்பந்தம் ஒருவர் பெயரில் மட்டுமே இருக்கிறது. அவர் அடுத்த மாதம் பெங்களூருக்கு மாறிப் போகிறார். அட்வான்ஸை இப்போதே வாங்கிக் கொடுங்கள் என்கிறார். வீட்டுக்காரர், ஆள் மாறினால் காலி செய்யுங்கள் என்கிறார்.
– வாசகர், சென்னை

பதில்: சட்டத்தின் கண்ணில் இப்போது வாடகைதாரர் அவர் ஒருவரே. அவர் போன பிறகு எழுத்தில் எதுவும் இல்லாமல் நீங்கள் மூவர் தங்கியிருப்பது பாதுகாப்பானதல்ல. உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இன்றி உள்வாடகைக்கு விடவும் முடியாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் இணையவழியில் பதிவும் செய்ய வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்று பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இச்சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. ஆகவே வீட்டுக்காரரிடம் சண்டைக்கு நிற்காமல், நண்பர் கிளம்புவதற்கு முன்பே உங்கள் பெயர்கள் அனைத்தையும் சேர்த்துப் புதிய ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்து தருவதாகச் சொல்லுங்கள். அடிக்கடி ஆள் மாறுவதும், அக்கம்பக்கத்தார் புகார் சொல்வதுமே பல வீட்டுக்காரர்களின் உண்மையான கவலை. யார் யார் இருக்கிறார்கள் என்பது அடையாள அட்டை நகலுடன் கையில் இருந்தால் பலர் இறங்கி வருவார்கள்.

அட்வான்ஸைப் பொறுத்தவரை, வீடு காலியாகும்வரை உரிமையாளர் அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போகத் தர வேண்டும் என்பதே சட்டம். வேறு உடன்பாடு இல்லாதபோது அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் அது சொல்கிறது. புதிய ஒப்பந்தம் பேசும்போது இதை மரியாதையாக நினைவூட்டலாம். கிளம்பும் நண்பரின் பங்கை, அவருக்குப் பதிலாக வருபவர் அவரிடமே கொடுத்துவிடுவதுதான் நடைமுறையில் உள்ள நேர்மையான வழி. அப்போது பெயிண்டிங்குக்கு என்று பின்னால் பிடிக்கப்படும் தொகையில் அவருடைய பங்கை இப்போதே பேசிக் கழித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் புதிதாக வருபவர், தாம் வாழாத ஆண்டுகளின் கறைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க நேரும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இனி வாடகையை ஒருவர் வசூலித்து ரொக்கமாகக் கொடுக்காமல், அவரவர் பங்கை அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே வீட்டுக்காரரின் கணக்குக்கு அனுப்புங்கள்.