ட்ரையர் பக்கம் நிற்பவர் ஏன் வாய் திறப்பதில்லை?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் கம்பம். வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் உதவி மேலாளர். போன மாதம் ஒரு ராத்திரி, இலையை உலர்த்தும் ட்ரையரில் சூடு இறங்கிவிட்டது. அங்கே நின்ற பையனுக்கு இரண்டு மணிக்கே தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் தூள் முழுக்க ஈரம். வாராவாரம் கூட்டம் போட்டு, ஏதாவது பிரச்சனை இருக்கிறதா என்று கேட்கிறேன். ஒருத்தரும் பேசுவதில்லை. பயமில்லாமல் பேச வைப்பது எப்படி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பையன் கணக்குப் போட்டுத்தான் சும்மா இருந்திருக்கிறான். சொன்னால் லோடை, அதாவது ட்ரையருக்குள் இலை போவதை, நிறுத்தணும். பின்னால் ஃபெர்மென்டேஷன் (புளிக்க வைப்பது) முடிந்து வரும் இலை தேங்கிக் கெடும். "யாரைக் கேட்டு நிறுத்தினே?" என்பது அவன் ஒருத்தன் தலையில் விழும். சொல்லாவிட்டால் பழி நாலு பேருக்குப் பிரியும். அவனுக்கு மெமோ கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள். வாங்கியது ஷிப்டில் எல்லாருக்கும் தெரியட்டும்.

கூலியாட்களை மேய்த்த கங்காணிகளின் காலம் போய்விட்டது. ஆனால் மலையில் உத்தரவு கீழே இறங்கத்தான் இன்னமும் வழி இருக்கிறது, சேதி மேலே ஏற இல்லை. கூட்டத்தில் நீங்கள் அப்படிக் கேட்டால் "இல்லை சார்" என்பதுதான் மரியாதையான பதில். இருக்கிறது என்றால் யாரையாவது காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் கூட்டத்தை விடுங்கள். ராத்திரி ட்ரையர் பக்கம் போய் நின்று, "இன்னிக்கு எத்தனை தடவை சூடு இறங்குச்சு?" என்று கேளுங்கள். இறங்கியதா என்று கேட்க வேண்டாம். எத்தனை தடவை என்று கேட்டால், இறங்குவது சகஜம் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

முதலில் ஒருத்தர் ஏதாவது சொல்வார். அற்ப விஷயமாக இருக்கும், பாதி தப்பாகவும் இருக்கும். அப்போது உங்கள் முகம் எப்படிப் போனது என்பதைத்தான் மறுநாள் லயம் (தொழிலாளர் குடியிருப்பு) முழுக்கப் பேசுவார்கள். "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றால் தீர்ந்தது. "சரி, எப்போ கவனிச்சே?" என்று கேட்டுவிட்டு, அவர் கண்ணெதிரே ஃபிட்டரைக் கூப்பிடுங்கள். ஒன்றுமில்லை என்று ஃபிட்டர் போய்விட்டாலும் முகம் கோணாதீர்கள்.

அப்புறம் ஒரு சிக்கல் வரும். எல்லாரும் சொல்ல ஆரம்பித்ததும், கோளாறுகளை எழுதும் ரிஜிஸ்தரில் எண்ணிக்கை கூடும். 1990களில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்தவருக்கு, அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள் என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது. இதைப் பெரிய மேலாளரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் மாதம் ரிஜிஸ்தரைப் பார்த்து அவர் உங்களைக் கடிவார், நீங்கள் கீழே வந்து பையனைக் கடிவீர்கள்.

பயம் விட்டால் ஒழுங்கு போய்விடும் என்பார்கள். குடித்துவிட்டு வந்தால் தாராளமாக வீட்டுக்கு அனுப்புங்கள். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறைப் பத்து நாளுக்குள் தாங்களே எழுதிக்கொடுத்தால் பொதுவாகத் தண்டனை கிடையாது. வேண்டுமென்றே செய்ததற்கும் விபத்துக்கும் அந்தச் சலுகை இல்லை.

அசாம், ஜார்க்கண்ட் ஆட்கள் உங்கள் ஷிப்டிலும் இருப்பார்கள். அவர்களுக்குத் தமிழும் அரைகுறை, மலையாளமும் அரைகுறை. தெர்மாமீட்டரில் சிவப்புக் கோடு போடுங்கள். அதற்குக் கீழே போனால் யாரையும் கேட்காமல் லோடை நிறுத்தலாம் என்று எழுதி, பெரிய மேலாளரின் கையெழுத்தோடு ஒட்டிவிடுங்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் எனக்கு எழுதுங்கள், யோசிப்போம்.