வினாத்தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன்: எந்த மாறிக்கு எந்த அளவை?

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் ஒழுங்குக்கும் அவர்களின் ஹீமோகுளோபினுக்கும் உள்ள தொடர்பே என் ஆய்வு. வயது (18–22, 23–27 என்று பிரிவுகள்), கல்வி, ரத்த வகை, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா (ஆம்/இல்லை), ரத்தசோகை (இல்லை, லேசானது, மிதமானது, கடுமையானது) என எல்லாவற்றுக்கும் 1, 2, 3 என்று எண் கொடுத்து வினாத்தாள் தயாரித்துவிட்டேன். மாத்திரை பற்றிய மனப்பான்மையை அறியப் பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில்கள். ஒவ்வொரு மாறியும் (வேரியபிள்) எந்த அளவை (மெஷர்மெண்ட் ஸ்கேல்) என்று எழுதிவரச் சொல்கிறார் கைடு. மனப்பான்மைக்குச் சராசரி போடலாமா?

பதில்: முதல் வேலையாக, வினாத்தாளை இன்னும் அச்சடிக்கவில்லை என்றால் நிறுத்திவையுங்கள். உங்கள் பிரிவுகளில் பாதி தேவையில்லாதவை.

ஹார்வர்டு உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் வகுத்த நான்கு அளவைகளைத்தான் கைடு கேட்கிறார். ரத்த வகை பெயரளவு அளவை. ஏ-க்கு 1, பி-க்கு 2 என்பது வெறும் அடையாளம். எத்தனை பேர், எத்தனை சதவீதம் என்பதோடு சரி. ரத்த வகையின் சராசரி 2.3 என்று எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் கூசாமல் கணக்குப் போட்டுத் தரும், வைவாவில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். கல்வி நிலை வரிசை அளவை. மேல்நிலை பள்ளியைவிட பட்டம் உயர்ந்தது என்று தெரியும், எவ்வளவு உயர்ந்தது என்று தெரியாது. கடைசி மாதவிடாய் தேதி இடைவெளி அளவை: இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று கழிக்கலாம், ஆனால் ஒரு தேதி இன்னொன்றைப் போல இரு மடங்கு என்று சொல்ல முடியாது. அதிலிருந்து கணக்கிடும் கர்ப்ப வாரம், வயது, ஹீமோகுளோபின் எல்லாம் விகித அளவை. அங்கே சுழியம் உண்மையிலேயே சுழியம். இடைவெளி, விகிதம் என்ற கடைசி இரண்டு அளவைகளையும் எஸ்.பி.எஸ்.எஸ். பிரிப்பதில்லை, இரண்டையும் ‘ஸ்கேல்’ என்றே எடுத்துக்கொள்ளும்.

இப்போது உங்கள் ரத்தசோகைப் பிரிவுக்கு வருகிறேன். ஆய்வகம் 9.8 என்று கொடுத்த எண்ணை ‘மிதமானது, 3’ என்று மாற்றி எழுதினால், விகித அளவையில் இருந்தது வரிசை அளவைக்கு இறங்கிவிடுகிறது. 7.1 உள்ளவரும் 9.9 உள்ளவரும் உங்கள் தாளில் ஒன்றாகிவிடுவார்கள், 9.9-க்கும் 10.0-க்கும் நடுவே ஒரு சுவர் எழும்பிவிடும். எண் கையில் இருந்தால் பிரிவை எப்போது வேண்டுமானாலும் உண்டாக்கலாம். பிரிவிலிருந்து எண்ணை மீட்கவே முடியாது.

எல்லைக்கோடுகள் மாறுவது இன்னொரு தொல்லை. கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது நாம் படித்தது. 2024இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டாவது மும்மாதத்துக்கு அதை 10.5 என்று மாற்றியது. கர்ப்பத்தில் பிளாஸ்மா கூடி ரத்தம் நீர்த்துப்போவதால் அந்தக் கட்டத்தில் அளவு இயல்பாகவே இறங்கும். எண்ணும் கர்ப்ப வாரமும் உங்களிடம் இருந்தால் இரண்டு எல்லைகளிலும் பிரித்துப் பார்க்கலாம். வயதும் அப்படித்தான்: ‘உங்கள் வயது ___’ என்று ஒரு கோடு போட்டால் போதும். வருமானத்துக்கு மட்டும் பிரிவுகள் கொடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன், நேராகக் கேட்டால் பலர் பதில் சொல்வதில்லை.

‘ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?’ கேள்விதான் உங்கள் தாளிலேயே பலவீனமானது. செவிலியர் கேட்டால் யார் இல்லை என்பார்கள்? நம் நாட்டுத் திட்டத்தில் தினம் ஒரு மாத்திரை, 180 நாள். ஆகவே ‘கடந்த 7 நாளில் எத்தனை மாத்திரை சாப்பிட்டீர்கள்?’ என்று கேளுங்கள். முடிந்தால் மாத்திரை அட்டையில் மீதியையும் எண்ணிவிடுங்கள். 0 முதல் 7 வரை விகித அளவை மாறி கிடைத்துவிடும்.

சாரா மாறி, சார்ந்த மாறி என்பது அளவையோடு சேர்ந்ததல்ல, உங்கள் ஆய்வுக் கேள்வி கொடுக்கும் வேடம். இங்கே காரணமாகக் கருதும் மாத்திரை எண்ணிக்கை சாரா மாறி, விளைவாகப் பார்க்கும் ஹீமோகுளோபின் சார்ந்த மாறி. கர்ப்ப வாரத்தைக் குழப்பும் மாறியாக (கன்ஃபவுண்டர்) எழுதுங்கள். வாரம் மாறினால் ஹீமோகுளோபினும் மாறும், சாப்பிட்ட மாத்திரைகளும் மாறும்.

சரி, மனப்பான்மை. அமெரிக்க உளவியலாளர் லைக்கர்ட் 1932இல் தந்த முறை இது. ஒரு தனி வாக்கியத்தின் பதில் வரிசை அளவைதான். ‘ஒப்புக்கொள்கிறேன்’, ‘முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்’ இரண்டுக்கும் உள்ள தூரத்தை யாரும் அளந்ததில்லை. அதற்கு மீடியனும் (வரிசையில் நடுவே வரும் மதிப்பு) சதவீதமும் போடுங்கள். பத்தையும் கூட்டி வரும் 10–50 மதிப்பெண்ணை இடைவெளி அளவையாக எடுத்துச் சராசரி போடுவது பரவலான வழக்கம். கறாரான புள்ளியியலாளர்கள் முகம் சுளிப்பார்கள், எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் ‘மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும்’ போன்ற எதிர்மறை வாக்கியங்களின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்ட (5-ஐ 1 ஆக, 1-ஐ 5 ஆக) பிறகே கூட்ட வேண்டும். பத்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று கிரான்பாக் ஆல்பா என்ற குறியீட்டையும் பாருங்கள்.

சோதனைகள் இனி தானாக அமையும். மாத்திரை எண்ணிக்கை ஒரே பக்கம் குவியும் என்பதால் ஹீமோகுளோபினோடு தரவரிசையை வைத்துத் தொடர்பு பார்க்கும் ஸ்பியர்மேன் ஒட்டுறவு. கல்விவாரியாக ஹீமோகுளோபினை ஒப்பிட, பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் அனோவா. பழைய பிரிவுகளிலேயே நின்றால் பெரும்பாலும் பிரிவுகளின் எண்ணிக்கைகளை மட்டும் ஒப்பிடும் கை-ஸ்கொயர்தான் மிஞ்சும். அதற்கு வரிசை தெரியாது. போதாக்குறைக்கு ‘கடுமையானது’ கட்டத்தில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5-க்குக் கீழே போய்விடும், அப்போது அந்தச் சோதனையை நம்ப முடியாது.

பழைய தாளிலேயே சிலரிடம் தகவல் எடுத்துவிட்டீர்களா? பதற வேண்டாம். அவர்களின் தாய் சேய் நல அட்டையில் ஹீமோகுளோபின் எண் இருக்கும். அதை எடுத்து எழுதும்போது பரிசோதனை நடந்த தேதியையும் பக்கத்திலேயே குறியுங்கள்.