ஃபெர்மா சொன்னாலும் பகு எண் பகு எண்தான்

கேள்வி: 4294967297 பகா எண்தானே? 3, 7, 11, 13 எதனாலும் வகுபடவில்லை. கணினியில் 2-ஐ வைத்து ஃபெர்மா சோதனை (சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) போட்டேன், அதிலும் தேறிவிட்டது. கணித மேதை ஃபெர்மாவே பகா எண் என்று நம்பினாராம். என் மகளின் ஆசிரியர் மட்டும் பகு எண் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: ஆசிரியர் சொல்வதுதான் சரி. 641-ஆல் வகுத்துப் பாருங்கள், 6700417 வரும், மீதி இருக்காது.

13 வரை வகுத்துவிட்டு நிறுத்தினால் எப்படி? இந்த எண்ணின் வர்க்கமூலம் 65,536-ஐ ஒட்டி வருகிறது, அதுவரை உள்ள பகா எண்கள் மட்டும் 6,542. அத்தனையாலும் வகுத்துப் பார்த்த பிறகு பேசியிருந்தால் உங்கள் வாதத்துக்கு மதிப்பு உண்டு.

ஃபெர்மா விஷயத்துக்கு வருவோம். இது 2-ன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டிய எண். அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும் இதே வரிசையில் முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள், அதைப் பார்த்துத்தான் வரிசை முழுவதும் அப்படியே போகும் என்று அவர் நம்பினார், நிறுவவில்லை. 1732-ல் இன்னொரு கணித மேதை ஆய்லர் 641-ஐக் காட்டியதும் அந்த நம்பிக்கை உடைந்தது. ஆய்லர் பின்னால் நிறுவியது இன்னும் அழகு: இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தே வகுத்தலில் கதை முடிந்துவிடுகிறது! உங்கள் 3, 7, 11, 13 எதற்கும் இந்தப் பட்டியலில் இடமே இல்லை, அவற்றால் வகுத்தது வீண் வேலை.

சரி, கணினி ஏன் ஏமாந்தது? சோதனையில் நீங்கள் போட்ட 2-தான் காரணம். 2-ன் 32-ஆம் அடுக்கு இந்த எண்ணைவிட ஒன்றுதான் குறைவு, அதனால் 64-ஆம் அடுக்கை இதனால் வகுத்தால் மீதி 1. சோதனை கேட்கும் அடுக்கு 4294967296, அது 64-ன் மடங்கு, ஆகவே எண் பகுவோ பகாவோ மீதி 1 வந்தே தீரும். இப்படித் தேறும் பகு எண்களைப் போலிப் பகா எண்கள் என்பார்கள். 2-க்குப் பதில் 3-ஐப் போடுங்கள், மீதி 1 வராது, குட்டு வெளிப்பட்டுவிடும்.

காரணியைக் காட்டினால்தான் பகு எண் என்று ஒப்புக்கொள்வேன் என்று மகளிடம் அடம்பிடிக்காதீர்கள். இதே வரிசையில் 2-ன் 1,67,77,216-ஆம் அடுக்கோடு 1 கூட்டிய எண்ணுக்கு 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அது பகு எண் என்று 1999-லேயே சோதனை மூலம் நிறுவிவிட்டார்கள், ஆனால் அதன் காரணி ஒன்றுகூட இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.